சாயம் ஏன் குறைவு? ஹட்டனில் ஓர் இணையத் தேயிலைக் கடையின் நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் வழியில் ஒரு வீட்டின் முன்னறையில் நடக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு மின்தராசு, பக்கெட் வாய் ஒட்டும் சிறிய மெஷின், பழைய மடிக்கணினி, இரண்டு ஃபோன், சுவரோரம் அடுக்கிய அட்டைப் பெட்டிகள். நடத்துபவர்கள் அண்ணனும் தங்கையும். அண்ணன் கொழும்பில் துணிக்கடையில் இருந்தவர். 2022 பொருளாதார நெருக்கடியில் வேலை போனதும் ஊருக்கு வந்தார். தங்கை ஏ.எல். முடித்தவர். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் மலையில் கொழுந்து பறித்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் அண்ணன், தங்கை, அம்மா என்றே எழுதுகிறேன்.

மலையகத்தில் இணையம் வழியாக ஏதாவது விற்க முயலும் பிள்ளைகளுக்கு நான் சில வருடங்களாக உதவி வருகிறேன். அவர்களில் பலர் விழும் குழிகள் எல்லாவற்றிலும் இந்தக் கடையும் விழுந்தது, எழும்பியும் வந்தது. அதனால்தான் இதை முழுதாக எழுத நினைத்தேன்.

நான் முதன்முதலில் போனபோது கடை தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. மாதத்துக்கு மூன்று நான்கு ஓடர் வந்துகொண்டிருந்தது. அதில் பாதி சொந்தக்காரர்கள். இணையத்தளம் பார்க்க அழகாகவே இருந்தது: பச்சை மலை, பனி, கூடையோடு சிரிக்கும் ஒரு பெண். கீழே “உலகின் மிகச் சிறந்த தூய இலங்கைத் தேயிலை” என்று ஒரு வரி. அந்த வரியை எடுத்து வேறு எந்தத் தேயிலைக் கடையின் தளத்தில் போட்டாலும் பொருந்தும். பிரச்சினை அங்கேயே தொடங்குகிறது என்று அன்றைக்கே சொன்னேன்.

நாற்பது கட்டுரை

தளத்தில் வலைப்பதிவுப் பகுதி ஒன்றும் இருந்தது. அதில் நாற்பது கட்டுரைகள். கொழும்பில் ஒரு நிறுவனம் “கூகுளில் முதல் பக்கம்” என்று சொல்லிப் பொதியாக விற்றது. கட்டுரைகள் அதில் ஒரு பகுதி. ஐந்நூறு தளங்களிலிருந்து இணைப்பு வாங்கித் தருவது இன்னொரு பகுதி: பிற தளங்கள் நம் தளத்தைச் சுட்டினால் கூகுளில் முன்னே வரலாம் என்ற கணக்கு. அண்ணன் தன் சேமிப்பிலிருந்து கொடுத்த காசு அது.

ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். “தேநீரின் பத்து நன்மைகள்.” “பச்சைத் தேயிலையும் உடல் எடையும்.” “இலங்கைத் தேயிலையின் வரலாறு.” வரலாற்றுக் கட்டுரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட கதை. தவறில்லை, உண்மைதான். ஆனால் அதே கதையை அதே வரிசையில் சொல்லும் பக்கங்கள் இணையத்தில் ஏற்கனவே நிறைந்து கிடக்கின்றன. ஹட்டனில் எட்டு மாதம் வயதுள்ள ஒரு தளம் அதையே திரும்பச் சொன்னால் கூகுள் எதற்காக அதை முன்னால் கொண்டுவர வேண்டும்? தமிழ்க் கட்டுரைகள் அதைவிட மோசம். ஆங்கிலத்தை மெஷினில் போட்டு எடுத்தவை. படித்தால் நம் ஆட்கள் பேசும் தமிழாகவே இல்லை.

கூகுள் சேர்ச் கன்சோலைத் தளத்தோடு இணைத்திருந்தார்கள், ஆனால் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. எந்தச் சொல்லைத் தேடியபோது நம் பக்கம் தென்பட்டது, எத்தனை பேர் அழுத்தி உள்ளே வந்தார்கள் என்று 16 மாதத்துக் கணக்கைக் காட்டும் இலவசக் கருவி அது. நாற்பது கட்டுரைகளில் பெரும்பாலானவற்றின் வழியாக உள்ளே வந்தவர் எண்ணிக்கை பூச்சியம். கொஞ்சம் பேர் வந்த ஒரே பக்கம், தங்கை தானாக எழுதிய சின்ன அறிவித்தல்: புதுத் தேயிலை வந்திருக்கிறது, பக்கெட் பண்ணிய திகதி இது.

2011இல் பாண்டா என்ற மாற்றத்தோடு கூகுள் இந்த மாதிரி வெறும் நிரப்புக் கட்டுரைகளைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது. 2022 டிசம்பரில் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் “அனுபவம்” என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது: எழுதியவர் அந்தப் பொருளை உண்மையில் கையாண்டவரா? காசு கொடுத்து வாங்கும் இணைப்பும் அப்படித்தான். 2012இல் பெங்குவின் என்ற இன்னொரு மாற்றத்துக்குப் பிறகு அது ஆபத்து ஆனது. 2016இலிருந்து பெரும்பாலும் கணக்கில் எடுக்கப்படாமலே விடப்படுகிறது. விளம்பரமாகக் காசு கொடுத்து வாங்கிய இணைப்பு என்றால் அதற்குரிய அடையாளத்தோடு போட வேண்டும் என்பது விதி. 2005இலிருந்தே அதற்கு ஒரு குறி உண்டு, 2019இல் விளம்பரத்துக்கென்றே தனிக் குறி வந்தது. அந்த ஐந்நூறு இணைப்புகளில் நான் பார்த்தவற்றில் ஒன்றிலும் குறி இல்லை. அதோடு பாதித் தளங்கள் சூதாட்டத் தளங்கள்.

முப்பத்தாறு கட்டுரைகளை அழித்தோம். அண்ணனுக்கு அது கஷ்டமாக இருந்தது. “காசு கொடுத்ததுண்ணே, அப்பிடியே இருந்துட்டுப் போகட்டுமே” என்றார். எனக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் அவை இருந்தவரை தளத்துக்குள் வந்த ஒருவருக்குக் கடை எங்கே, ஆள் யார் என்றே தெரியாது.

எழுத்தே தெரியாத பக்கங்கள்

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், இது நம் பக்கத்துக்கே உரிய சிக்கல். தங்கை கணினி வகுப்பில் படித்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் டைப் பண்ண. பொருள் விவரப் பக்கங்கள் மூன்றை அவர் பாமினியிலேயே அடித்து ஏற்றியிருந்தார். அவருடைய மடிக்கணினியில் சரியாகத் தெரிந்தது. பாமினி இல்லாத ஃபோனில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடந்தன. கூகுளுக்கும் அது அப்படித்தான் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் தமிழில் எதைத் தேடினாலும் அந்தப் பக்கம் அவருக்குக் கிடைக்க வழியே இல்லை. எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றினோம், அரை நாள் வேலை.

பேஸ்புக்குக்குச் செய்த போஸ்டர்களிலும் இதே கதை. விலை, கிராம், ஊர், ஃபோன் நம்பர் எல்லாம் படத்துக்குள் எழுதியிருந்தது, படத்தோடு தனி எழுத்தாக ஒரு வரியும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க யாருக்குப் பொறுமை? தகவலை எழுத்தாகவே போடச் சொன்னேன்.

படங்களின் எடையும் ஒரு தொல்லை. ஃபோனில் எடுத்த நாலு எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருந்தார்கள். மழை பெய்தால் சிக்னல் இரண்டு கோட்டுக்கு இறங்கும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விடலாமா? பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. படங்களைச் சுருக்கியதிலேயே அதை எட்டிவிட்டோம்.

கொப்பி

சரி, அழித்தாயிற்று. இனி எதை எழுதுவது?

முதலில் நான் ஒரு தவறு செய்தேன். வாரம் மூன்று பதிவு என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன். தங்கை இரண்டு வாரம் பாடுபட்டு எழுதினார், மூன்றாவது வாரம் எழுத ஒன்றும் இல்லாமல் மறுபடியும் “நன்மைகள்” பக்கம் போய்விட்டார். அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பதிலாகக் கடையின் வட்ஸ்அப்பைத் திறந்து, எட்டு மாதத்தில் வாங்கியவர்களும் வாங்காமல் போனவர்களும் கேட்ட கேள்விகளை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். கேட்ட வார்த்தையிலேயே, திருத்தாமல்.

ஐந்து பக்கம் வந்தது. “பி.ஓ.பி.எப். எண்டா என்ன?” “ஒரேஞ் பெக்கோவில தோடம்பழ வாசம் வருமா?” “பால்மா போட்டுக் குடிக்க எது நல்லம்?” “பக்கெட் உடைச்சா எவ்வளவு நாள் வைக்கலாம்?” இவற்றில் ஒன்றுமட்டும் வேறு வேறு வார்த்தையில் பதினொரு தடவை வந்திருந்தது. மட்டக்களப்பிலிருந்து ஒரு அம்மா கொஞ்சம் கோபமாகவே கேட்டிருந்தார்: “பிள்ள, நீங்க அனுப்பின தேயிலையில சாயமே இறங்குதில்ல. பழசா?”

பழசு இல்லை. ஹட்டன் திம்புள்ள என்ற தேயிலைப் பிரதேசத்தில் இருக்கிறது. 1200 மீற்றருக்கு மேல் விளைவதை உயர்நாட்டுத் தேயிலை என்பார்கள். குளிரில் கொழுந்து மெதுவாக வரும். சாயம் வெளிர், வாசமும் நாக்கில் ஒரு சுறுசுறுப்பும் கூட. 600 மீற்றருக்குக் கீழே காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் விளைவது கறுத்த, தடித்த சாயம் தரும். நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல் அந்தத் தாழ்நாட்டுத் தேயிலைதான். பலர் வீட்டில் பழகிய தேத்தண்ணி அதன் நிறத்திலேயே இருக்கிறது. அந்த அம்மாவுக்கு வெளிர்ச் சாயம் ஏமாற்று மாதிரித் தெரிந்தது நியாயம்தான்.

எட்டு மாதமாக இந்தப் பதினொரு பேருக்கும் அண்ணன் “இல்லைங்க, புதுசுதான்” என்று மட்டும் பதில் போட்டிருந்தார். பதினொரு பேரில் ஒருவரும் இரண்டாவது தடவை வாங்கவில்லை.

நான்கு தட்டு, ஐந்து கோப்பை

அந்தக் கேள்விக்கான பக்கத்தைச் செய்த காலை நேரம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டார் தங்கை. நான்கு வெள்ளைத் தட்டு. ஒரே தொழிற்சாலையின் தேயிலை, நான்கு ரகம்: ஓ.பி. (ஒரேஞ் பெக்கோ), பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிடி, பக்கத்தில் அளவுக்கு ஒரு தீக்குச்சி. ஓ.பி. இலை முறுக்கிய நூல் மாதிரி நீளமாகக் கிடந்தது. டஸ்ட் தீக்குச்சியின் மருந்துத் தலையைவிடப் பொடி. இந்தப் பெயர்கள் இலையின் அளவைச் சொல்பவை. தரத்தையோ தோடம்பழத்தையோ சொல்பவை அல்ல. பொடி சிறிதானால் சாயம் சீக்கிரம் இறங்கும், கடுப்பும் கூடும். அந்த ஒரு படத்திலேயே கொப்பியின் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருந்தது.

பிறகு கோப்பை. தேநீர் ருசி பார்ப்பதற்கு ஒரு சர்வதேச அளவு உண்டு: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். தராசில் நிறுத்து, ஃபோனில் நேரம் வைத்து, அப்படியே ஊற்றினோம். ஐந்தாவது கோப்பைக்கு டவுனில் வாங்கிய தாழ்நாட்டுத் தேயிலை. ஆறு நிமிடம் கழித்து வரிசையாக வைத்தபோது நான்கு கோப்பையும் செம்மஞ்சளிலிருந்து சிவப்பு வரை போக, ஐந்தாவது கறுப்புக்குக் கிட்ட நின்றது.

அடுப்படியிலிருந்து வந்த அம்மாவுக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாது. ஐந்தாவது கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், “இது நம்ம பக்கத்துக் கொழுந்து இல்லியே, தம்பி” என்றார். அப்புறம் தானாகவே சொன்னார்: “நம்ம பக்கம் குளிருல்ல, கொழுந்து மெதுவாத்தான் வரும். மெதுவா வர்றதுல வாசம் நிக்கும், கறுப்பு நிக்காது.”

தங்கை அந்த வரியைக் கொப்பியில் குறித்தார். பக்கத்தின் முதல் வரி அதுதான். இரண்டாவது வரியில் நேரடிப் பதில்: சாயம் குறைவு என்றால் பழசு என்று அர்த்தமில்லை, பால்மாவுக்குக் கடும் சாயம் வேண்டுமென்றால் டஸ்ட் அல்லது பி.ஓ.பி.எப். கேளுங்கள். அதற்குப் பிறகு படங்கள், அளவு, விளக்கம். மொத்தம் நானூறு சொற்களுக்குக் கொஞ்சம் கூட. பதிலை முதலில் வை, விளக்கத்தைப் பிறகு வை என்பதைத் தவிர நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தமிழில் அவர் எழுதியதை அண்ணன் ஆங்கிலத்தில் தன் போக்கில் சுருக்கி எழுதினார். வரிக்கு வரி மொழிபெயர்க்க விடவில்லை. கொழும்பில் ஆங்கிலத்தில் தேடுபவர் கேட்கும் கேள்வியே வேறு. அவருக்குப் பால்மாக் கதை தேவையில்லை, ஓ.பி.யை எவ்வளவு நேரம் ஊற வைப்பது என்று தெரிய வேண்டும்.

அம்மாவின் படம்

தளத்தின் முகப்பில் கூடையோடு சிரித்த பெண் யார் என்று கேட்டேன். தெரியாது, இலவசப் படத் தளத்தில் எடுத்தது. அதை எடுத்துவிட்டு அம்மாவின் படத்தைப் போடலாமே என்றேன். தங்கை உடனே மறுத்தார். “எங்கம்மாவ வச்சு தேயிலை விக்க மாட்டேன், அண்ணா. பாவம்னு வாங்குவாங்க.”

நான் இதைப் பல நாள் யோசித்தேன். 1823 அளவில் இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்ததிலிருந்து மலையகத் தமிழருக்கு 200 வருடம் ஆகிவிட்டது. கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் சிரிக்கும் படம் இல்லாத தேயிலைப் பெட்டி குறைவு, ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் எந்தப் பெட்டியிலும் இருக்காது. தங்கை சொன்னது முழுக்க நியாயம்.

முடிவில் அம்மாவே வழி சொன்னார். முகம் வேண்டாம், கையை எடுங்கள் என்றார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு இலையும் ஓர் அரும்பும். நகத்தடியில் தேயிலைக் கறை, விரல் ஓரத்தில் வெடிப்பு. அந்தப் படத்தின் கீழே பரிதாபமாக ஒரு சொல்லும் இல்லை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், முற்றின இலை சேர்ந்தால் ருசி எப்படிக் கெடும், விரல் அதை எப்படி அறியும் என்று அம்மா சொன்னதைத் தங்கை எழுதினார். அது அவர் வேலையைப் பற்றிய அவருடைய அறிவு. இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

காசு கட்டிய விளம்பரம்

பேஸ்புக்கில் முன்பு, பதிவை விளம்பரமாக்கும் “பூஸ்ட்” பொத்தானை அழுத்தி அழுத்திக் காசு போயிருந்தது. லைக் நிறைய, ஓடர் இல்லை. காரணம் எளிது. லைக் வேண்டும் என்று தெரிவு செய்தால், லைக் போடும் பழக்கமுள்ளவர்களுக்கே விளம்பரம் காட்டப்படும். செய்தி அனுப்புவதை நோக்கமாகத் தெரிவு செய்து, கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று மூன்று இடங்களுக்கு மட்டும், சாயம் பக்கத்தின் ஐந்து கோப்பைப் படத்தோடு ஓட்டினோம். செலவு முன்பைவிடக் குறைவு, வந்த கேள்விகள் கூட.

எங்கிருந்து ஆள் வருகிறார் என்று அறிய ஒரு சின்ன ஏற்பாடு. ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள வட்ஸ்அப் பொத்தானுக்கு வேறு வேறு முதல் வரி வைத்தோம். சாயம் பக்கத்தில் அழுத்தினால் “சாயம் பற்றிப் படித்தேன், எனக்கு” என்று செய்தி பாதி எழுதித் திறக்கும். கொழுந்துப் பக்கத்தில் வேறு வரி. காசு கட்டி வாங்கும் கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. மாத முடிவில் தங்கை வட்ஸ்அப்பில் தேடி எண்ணிவிடுவார்.

கூகுளில் கடைக்கு ஒரு பதிவு திறந்து, வாங்கியவர்களிடம் கருத்து எழுதக் கேட்டோம். நல்ல கருத்து எழுதினால் 50 கிராம் பக்கெட் இலவசம் என்று அண்ணன் போஸ்டர் போட்டுவிட்டார். அன்றைக்கே எடுக்கச் சொன்னேன். கருத்துக்குக் கைமாறு கொடுப்பது கூகுள் விதிக்கு எதிரானது. அதைவிட, மட்டக்களப்பு அம்மா மாதிரி ஒருவர் திட்டி எழுதும் கருத்துதான் இந்தக் கடைக்கு அதிகம் உதவியது.

இலங்கைத் தேயிலைப் பெட்டிகளில் வரும் சிங்கச் சின்னத்தையும் தளத்திலிருந்து எடுத்தோம். அது 1976இல் அமைந்த இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. இலங்கையிலேயே பொதி செய்த, முழுக்க இலங்கைத் தேயிலைக்கு, சபையின் அனுமதியோடு மட்டும் போடலாம். அழகுக்கு என்று ஒட்டும் படம் இல்லை அது. இணையத்தில் விற்கும் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது.

இப்போது

ஒரு வருடம் கழித்து நிலைமை இது. முன்பு ஒரு மாதத்தில் வந்த ஓடர் இப்போது ஒரு வாரத்தில் வருகிறது. பெரிய வியாபாரம் இல்லை, வீட்டுச் செலவில் பாதியைத் தாங்குகிறது. தளத்தில் பதினான்கு பக்கங்கள்தான் உண்டு. கேள்வியோடு வருபவர்களில் அதிகம் பேர் சாயம் பக்கத்திலிருந்து வருகிறார்கள். எது வாங்குவது என்று தெரிந்துகொண்டே வருவதால் திருப்பி அனுப்புவது ஏறக்குறைய நின்றுவிட்டது. மட்டக்களப்பு அம்மாவுக்குத் தங்கை அந்தப் பக்கத்தையும் ஒரு டஸ்ட் பக்கெட்டையும் அனுப்பினார். இப்போது மாதம் ஒரு கிலோ எடுக்கிறார்.

சரியாகாதவையும் உண்டு. கனடாவிலிருந்து கேட்கிறார்கள், அனுப்ப முடியவில்லை. தேயிலை ஏற்றுமதி செய்யத் தேயிலைச் சபையில் பதிய வேண்டும். அந்த வேலை இழுபடுகிறது. தளத்தின் பெயரைத் தமிழ் எழுத்தில் .இலங்கை என்று வைக்க அண்ணனுக்கு ஆசை. அந்த வசதி 2010இலிருந்தே இருக்கிறது. ஆனால் தமிழ் எழுத்து முகவரியை எல்லா மின்னஞ்சல் சேவையும் ஏற்பதில்லை என்பதால் இப்போதைக்கு ஆங்கில எழுத்தில் .எல்கே போதும் என்றேன். அவருக்கு இன்னும் அதில் உடன்பாடு இல்லை.

கொப்பி இப்போது மூன்றாவது. போன மாதம் அதில் ஒரு புதுக் கேள்வி ஏறியிருக்கிறது: “சீசன் தேயிலை எண்டு சொல்றாங்களே, மற்ற மாசத்துத் தேயிலைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?” திம்புள்ளப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வறண்ட குளிர்க் காற்றில் வருவதுதான் சீசன் தேயிலை. அதைப் பற்றி இப்போதே எழுதிவிடலாமே என்று அண்ணன் கேட்டார். தங்கை ஒப்பவில்லை. அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு மட்டும் எழுதி, இப்போது வந்த தேயிலையில் 100 கிராமைக் காற்றுப் புகாத டின்னில் போட்டு, மூடியில் திகதி ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறார். ஜனவரிக் கொழுந்து வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்க்க வேண்டுமாம்.